மிச்சத் தண்ணீர்

டாலிகஞ்ச் ஹவுசிங் காலனியில் செல்வராணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சமையலும் இல்லை, பேச்சும் இல்லை. அவள் தண்ணீர் குடிக்கிற அழகுதான். பூஜைப் பந்தலில் சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு சொம்பை எடுத்து அண்ணாந்தாள் என்றால், உதட்டில் ஒரு துளி படாது. மடக் மடக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வரும், சொம்பு காலியாகிவிடும். கமுதிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு எச்சில் படாமல் குடிப்பது நடக்கக் கற்பது போலத்தான். காலனியின் வங்காளிப் பெண்களோ வாயில் கை வைத்து வேடிக்கை பார்ப்பார்கள், குழந்தைகள் இன்னொரு தடவை குடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். செல்வராணி சிரித்துக்கொண்டே இன்னொரு சொம்பையும் இறக்குவாள். அதில் பாதி சர்க்கரை வியாதியின் தாகம் என்பது பிறகுதான் தெரிந்தது.

எடை நூற்றிருபது கிலோவை நெருங்கியபோது முழங்கால் இரண்டும் பேச ஆரம்பித்தன. மூன்றாம் மாடிக்கு ஏறினால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்க வேண்டும். சர்க்கரைக்குப் பத்து வருஷமாக மாத்திரை, பிறகு ஊசி. மகள் சஹானா ஜாதவ்பூரில் எம்.எஸ்ஸி. படிக்கிறவள், விடாப்பிடிக்காரி. வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனைப் பற்றி அவள்தான் விசாரித்து, டாக்டரைப் பிடித்து, தேதியும் வாங்கி வந்தாள். கணவர் வேதாச்சலத்துக்குக் கத்தி என்ற சொல்லே ஆகாது. கரியாஹாட்டில் இட்லி அரிசி, அப்பளம், காப்பித்தூள், முறுக்கு விற்கிற அந்த ஒல்லி மனிதர், ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு உட்கார்ந்தால் பயம் அதிகமாகிறது என்றார்.

முக்கால் வயிற்றை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு வாழைக்காய்ப் பருமனில் ஒரு குழாய். வீட்டுக்கு அனுப்பும்போது உணவு ஆலோசகர் உட்கார வைத்துச் சொன்னதெல்லாம் சாப்பாட்டைவிடக் குடிப்பதைப் பற்றித்தான். சோடா கூடாது, கோலா கூடாது, சர்க்கரை போட்ட சர்பத் கூடாது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் கூடாது, முன்னால் அரைமணி, பின்னால் அரைமணி விட வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போயாக வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் செல்வராணியின் முகத்தைச் சுருங்க வைத்தது. அண்ணாந்து குடிக்கவே கூடாதாம். காற்று உள்ளே போகுமாம். வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

நாற்பத்தெட்டு வயதில் எச்சில் பண்ணிக் குடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. யாரும் பார்க்காதபோதுதான் உதட்டை வைப்பாள். ஒருநாள் மறதியில் கை தானாக மேலே போய்விட்டது. ஒரு மடக்குத்தான் விழுந்தது. நெஞ்சுக்குள் செங்கல்லைச் செருகியது போல் அடைத்து, நுரை நுரையாக வெளியே வந்தது. அன்றிலிருந்து தன் கையையே நம்பாமல் இடது கையால் டம்ளரைப் பிடித்தாள்.

ஆனால் அவளை மிரட்டியது வலி இல்லை. பசி போய்விட்டது. குறைந்தது என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். அது அடியோடு போயிருந்தது. அதன் பின்னாலேயே தாகமும் போனது. சர்க்கரை அளவு இறங்கி ஊசியை நிறுத்தியபோது எல்லோரும் கைதட்டாத குறை. செல்வராணி மட்டும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் உள்ளே இருந்து அதைக் கொண்டா, இதைக் கொண்டா என்று அதட்டிய ஆள் பேச்சு மூச்சில்லாமல் போனதும், உடம்பு காலி செய்த வீடு மாதிரி எதிரொலித்தது.

எதிர் வீட்டு மிதா பௌதி நல்ல மனசுக்காரி. பௌதி என்றால் அண்ணி. காலனி முழுவதற்கும் அவள் அண்ணி. பப்பாளியும் கையுமாகப் பார்க்க வந்தவள், தையல் போட்ட இடங்களைப் பார்த்துவிட்டு, வெட்டி எடுத்த வயிற்றை என்ன செய்தார்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள். செல்வராணிக்குத் தெரியவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. பௌதி தன் சித்தப்பாவுக்குக் காலை எடுத்தபோது அந்தக் காலைத் துணியில் சுற்றி மயானத்துக்குக் கொண்டுபோய்ப் புரோகிதரை வைத்து எரித்ததைச் சொன்னாள். அப்படிச் செய்யாவிட்டால் அது ஆளைத் தேடிக்கொண்டு வரும் என்று அவர்கள் வீட்டில் சொல்வார்களாம். இதெல்லாம் பழைய பேச்சு, நீ மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டுப் பௌதி போய்விட்டாள். மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னால் வேறு எங்கே வைப்பது?

சஹானா ஒரு லிட்டர் பிடிக்கிற கண்ணாடி மாதிரியான பாட்டில் வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். காலையில் நிரப்பிவிட்டுப் போவாள். இருட்டித் திரும்பி வரும்போது அது காலியாக இருக்க வேண்டும். மீதி அரை லிட்டரை எதிரே உட்கார்ந்து குடிக்க வைப்பாள். முதல் சில நாள் பாதியிலேயே நின்றது. திட்டு விழுந்தது. அப்புறம் ஒருநாள் பாட்டில் காலியாக இருந்தது. மறுநாளும் காலி. சஹானா அம்மாவின் கன்னத்தைக் கிள்ளி, லொக்கி மெயே என்றாள், சமர்த்துப் பெண் என்று அர்த்தம். செல்வராணி சிரித்து வைத்தாள். தான் அவ்வளவு குடித்ததாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் பாட்டில் காலியாக இருக்கிறதே, வேறு யார் குடித்திருக்க முடியும்?

அதற்குப் பதில் ஒரு வைசாக மாத மதியத்தில் வந்தது. வெயிலுக்கு ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். வேதாச்சலம் கடையை அடைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்து சாப்பிட்டார். தன் தட்டில் நாலு வாய்க்கு மேல் இறங்காமல் செல்வராணி ஒதுக்கிய சோற்றையும் வழக்கம்போல அவரே போட்டுக்கொண்டார்; சோற்றைக் கொட்ட அவருக்கு மனசு வராது. "வரேன் செல்வி" என்று அவர் குரல் கொடுத்ததைப் படுக்கையறையில் படுத்தபடி கேட்டு, கண்ணை மூடினாள். கால்வாசித் தூக்கம் வந்திருக்கும்.

கூடத்தில் மடக் மடக் என்று சத்தம் கேட்டது.

எந்தச் சத்தத்தையும் இன்னொன்றாக நினைத்துவிடலாம். இதை முடியாது. இது அவளுடைய சத்தம். அண்ணாந்த தொண்டைக்குள் ஒரே தாளத்தில் இறங்குகிற, பெரிய உடம்புக்காரி ஒருத்தியின் தாகம். அவள் தொண்டையோ காய்ந்து, அசையாமல், இங்கே தலையணையில் கிடந்தது. மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. யாரு என்று கேட்டாள். குரல் கட்டிலைத் தாண்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கூடத்துக்கு வந்தபோது யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. முக்காலுக்கு மேல் நிறைந்திருந்த பாட்டிலின் அடியில் ஒரு விரல் தண்ணீர்கூட இல்லை. பக்கத்தில் மேஜை மேல் இரண்டு சொட்டு. தூக்கி ஊற்றிக் குடிக்கும்போது சிந்துகிற சொட்டு.

சாயங்காலம் அவள் கணவரிடம் கேட்காமல் இல்லை. "நான் எதுக்கு ஒன் பாட்டில்ல குடிக்கப் போறேன்?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். வேதாச்சலத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. முறுக்கு நமுத்துவிட்டது என்று வாங்க வந்தவரிடம் தானே சொல்லி, விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து தின்கிற வியாபாரி அவர். சஹானா காலையில் போனால் இருட்டித்தான் வருகிறாள். வேலைக்கு வரும் பெண் மதியத்தில் வருவதில்லை. எல்லோரையும் கழித்த பிறகு ஒன்று மிஞ்சியது. மிதா பௌதி கேட்டுவிட்டுப் போன கேள்விக்குள் இருந்து அது எழுந்து வந்து நின்றது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து வேறு டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். ஆனால் தினமும் மதியம் கண்ணை மூடிக் காத்திருந்தாள். சில நாள் வரும், சில நாள் வராது. வந்த நாளில் எழுந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்த்தால் என்ன தெரியும்? முகம் இருக்குமா? தன் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, தன் பருமனோடு, மேஜை ஓரத்தைப் பிடித்தபடி அது நிற்குமா?

பயம் கொஞ்சம் பழகியதும் இரக்கம் வந்தது. இருபது வருஷமாகக் கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் கையில் கிடைத்ததை எல்லாம் அந்த வயிற்றுக்குள்தானே போட்டாள்? அது ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டது. அதை வெட்டி ஒரு பையில் போட்டுக் கட்டி எங்கோ எறிந்துவிட்டார்கள். செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற ஊரில் பிறந்தவள், தன்னுடைய ஒரு பாகத்துக்கு ஒரு கை தண்ணீர் விடவில்லை. தாகத்தோடு வராமல் வேறு எப்படி வரும்? ஒரு மதியம், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "குடிச்சுக்க" என்று மெதுவாகச் சொன்னாள். அன்று சத்தம் நெடுநேரம் கேட்டது.

அதிலிருந்து அதற்காகவே மிச்சம் வைக்க ஆரம்பித்தாள். பாட்டிலில் மட்டும் இல்லை. மோர் டம்ளரில், பருப்புத் தண்ணீரில், சஹானா கலக்கி வைத்துவிட்டுப் போகிற புரோட்டீன் பானத்தில். இரண்டு வாய் உதட்டை நனைத்துவிட்டு மூடி வைப்பாள். எல்லாம் காலியாகிவிடும். இரக்கம் என்று அதற்கு அவள் பேர் வைத்திருந்தாள். குடிக்கிற பாடு மிச்சம் என்கிற சந்தோஷமும் அதற்குள் ஒளிந்திருந்தது என்பதை அவளிடம் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். தாகமில்லாதவளுக்கு ஒவ்வொரு வாய்த் தண்ணீரும் கசாயம்தான்.

எடை மளமளவென்று இறங்கியது. காலனியில் எல்லோரும் நின்று நின்று பாராட்டினார்கள். உதடு வெடித்திருந்ததையும், நாக்கு அண்ணத்தில் ஒட்டுவதையும், எழுந்தால் கூடம் ஒரு சுற்றுச் சுற்றுவதையும் யாரும் பாராட்டவில்லை, அதனால் அவளும் சொல்லவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அந்த வெயிலில் வீட்டில் எல்லோருக்குமே சோர்வுதான். வேதாச்சலம்கூடக் கடையில் அரிசி மூட்டை மேல் சாய்ந்தபடியே தூங்கிவிடுகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் காலையில் துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனவள், போய்ச் சேரவில்லை. விழுந்து கிடந்தவளைச் சஹானாதான் பார்த்துத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரகம் திணறுகிறது, இன்னும் ஒரு வாரம் இப்படி விட்டிருந்தால் ஆள் தேறுவது கஷ்டம் என்றார். டிரிப் ஏற்றுவது சில நாளைக்குத்தான், வீட்டுக்குப் போய் வாயால் குடிக்காவிட்டால் மறுபடி இங்கேதான் வர வேண்டும், அடுத்த தடவை நேராக டயாலிசிஸ் என்றும் சொன்னார்.

சஹானா கட்டில் ஓரத்தில் நின்று அழுதாள். தினம் காலி பாட்டிலைப் பார்த்துக் கொஞ்சினேனே, எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டிவிட்டு என்னை ஏமாற்றினாயா என்று பாதி வங்காளத்தில், பாதித் தமிழில் கேட்டாள்.

"நான் கொட்டல சஹானா."

"தாஹொலே? அப்ப யாரும்மா குடிச்சா?"

செல்வராணி கண்ணை மூடிக்கொண்டாள். மகள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மருந்துச் சீட்டோடு வெளியே போனாள். தான் சாகப் போகிறோம் என்று செல்வராணிக்கு முதல் தடவையாக நிச்சயமாகத் தோன்றியது. வீட்டுக்குத் திரும்பினால் அது அங்கே காத்திருக்கும். அவள் மிச்சம் வைப்பாள். அது குடிக்கும்.

மதியம் பார்வை நேரத்தில் வேதாச்சலம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வார்டே மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிற ஆயா ஒரு சின்னக் கப்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, மெதுவாக முழுவதும் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். செல்வராணி இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது இறங்கவில்லை. கப்பைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தாள். வேதாச்சலம் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்ததையும், மிதா பௌதி சாப்பாடு கொடுத்தனுப்பியதையும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே இருந்தவர் ஒரு கணம் நிறுத்தினார்.

மடக் மடக்.

செல்வராணிக்கு உடம்பு சில்லிட்டது. இங்கேயும் வந்துவிட்டது. கண்ணைத் திறக்கக் கூடாது என்று நினைத்தாள், திறந்துவிட்டாள். புருஷன் அண்ணாந்து, அந்தக் கப்பை உதட்டுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, கடைசிச் சொட்டை வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தார். பிறகு கப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பௌதி கொடுத்த மீன் குழம்பில் காரம் போதவில்லை என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"ஏங்க. இப்ப என்ன பண்ணுனீக?"

"என்ன பண்ணுனேன்?"

"அந்தத் தண்ணி."

அவர் கப்பைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அசடு வழிய, விட்டு விட்டுச் சொன்னார். கமுதிப் பக்கத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த குடும்பம் அவருடையது. பாத்திரத்தில் யாராவது மிச்சம் வைத்துவிட்டுப் போனால், அந்தப் பக்கம் போகிறவர் குடித்துவிட வேண்டும். கொட்டினாலும் பாவம், விட்டாலும் பாவம். பேச்சு வருவதற்கு முன்னால் கைக்கு வந்த பழக்கம். வீட்டிலும் அப்படிச் செய்திருப்பேனோ என்னவோ என்றார். வரேன் என்று சொன்ன பிறகு உடனே கிளம்புகிற வழக்கமும் அவருக்கு இல்லை. பாத்ரூம் போய், குடையைத் தேடி, செருப்பைத் தேடி, அதற்குள் மேஜையை நாலு தடவை கடந்துவிடுவார்.

செல்வராணிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது துக்கம்தான். இத்தனை நாள் கூடத்தில் தன்னைத் தேடி வந்துகொண்டிருந்த ஒருத்தி இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது. அந்தத் துக்கத்தோடு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவரை முழுசாகப் பார்த்ததே அப்போதுதான் என்று சொல்ல வேண்டும்.

ஒல்லியாக இருந்த மனிதருக்கு வயிற்றின் மேல் சட்டைப் பித்தான் இரண்டு மூடவில்லை. கழுத்து மடிப்பில் கறுப்பாக ஒரு பட்டை. முழங்கால்களை அகட்டி, ஒரு கையைப் பின்னால் ஊன்றி, வாயால் மூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்துக் காய்ந்திருந்தது. நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதைத் தானே கட்டிலில் படுத்தபடி செல்வராணி பார்த்தாள். தான் ஒதுக்கிய சோறு, பருப்பு, நமுத்த முறுக்கு, புரோட்டீன் பானம் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் எதிரே உட்கார்ந்திருந்தது.

"என்னமோ தெரியல செல்வி," என்றார் அவர். "எவ்வளவு குடிச்சாலும் நாக்கு ஒட்டிக்கிட்டே கெடக்கு. அடங்கவே மாட்டேங்குது."

கூடத்தில் அந்தச் சத்தத்தை முதலில் கேட்ட மதியத்தில்கூட அவள் இப்படி நடுங்கவில்லை. அந்தத் தாகத்தோடு பத்து வருஷம் குடும்பம் நடத்தியவள் அவள். ஆயா மாஷியைக் கூப்பிட்டு, சிஸ்டரைச் சர்க்கரை பார்க்கிற மிஷினோடு வரச் சொல்லுங்கள் என்றாள். தனக்கு எதற்கு என்று வேதாச்சலம் மறுத்தார். அவள் அவர் கையைப் பிடித்து, தானே விரலை நீட்டிக் காட்டினாள். சிஸ்டர் குத்திப் பார்த்தாள். இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தாள். பிறகு மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓடாமல், ஆனால் ஓடுகிற வேகத்தில் போனாள்.

சக்கர நாற்காலி வந்தது. வேதாச்சலம் எனக்கு ஒன்றுமில்லை, கடைக்கு நேரமாகிறது என்று சொல்லச் சொல்ல உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் எதிரே வந்த சஹானா என்னவென்று புரியாமல் கூடவே ஓடினாள். பேயாக இருந்திருக்கக் கூடாதா என்று செல்வராணி வாய்விட்டே சொன்னாள். பேய் என்றால் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக் கும்பிட்டு அனுப்பியிருக்கலாம். இந்த மனிதருக்கு ஊசி போடத் தெரியாது, கத்தி என்றால் பயம், மிச்சம் வைத்தால் தாங்காது. இவரைப் பார்த்துக்கொள்ள இனி ஓர் ஆள் எழுந்து நடந்தாக வேண்டும்.

ஆயா மாஷி வந்து காலிக் கப்பை எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். முழுவதும் குடித்துவிட்டாயே என்றாள். செல்வராணி இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி ஊற்றச் சொன்னாள்.

தாகம் துளியும் இல்லை. உதட்டை வைத்து ஒரு வாய் குடித்தாள். அது இறங்கும்வரை காத்திருந்து இன்னொரு வாய் குடித்தாள். பார்வை நேரம் முடிந்து வார்டு காலியானது. அவள் கடைசி வாய்வரை குடித்துவிட்டு, கப்பை மறுபடி மாஷியிடம் நீட்டினாள்.